லாரி கம்ப்யூட்டரை மாற்றுவதற்கு முன்னும் பின்னும்: வாசகர் கேள்வி பதில்

லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் எழுதிய கடிதங்களில், இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டியான ஈ.சி.எம். பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். 2017 ஏப்ரலில் பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்று மாசு விதிகள் அடுத்தடுத்து இறுகியதில், இயந்திர பம்புடன் ஓடிய வண்டிகளின் இடத்தைக் கணினியை நம்பி ஓடும் வண்டிகள் மிக வேகமாகப் பிடித்துக்கொண்டன. பழுது பார்க்கும் முறை அதே வேகத்தில் மாறவில்லை என்பதையே இந்தக் கடிதங்கள் காட்டுகின்றன.

கேள்வி: எங்களுடையது 2021-இல் வாங்கிய பி.எஸ். 6 லாரி. சில வாரங்களுக்கு முன்பு லோடுடன் ஓசூர் செல்லும் வழியில் திடீரென இன்ஜின் நின்றுவிட்டது; சிறிது நேரம் கழித்துச் செல்ஃப் அடித்தபோது ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. இப்போது அடிக்கடி இப்படி நிற்கிறது. ஸ்கேனரில் ரெயில் பிரஷர் சென்சார், பூஸ்ட் சென்சார், ஆக்ஸிலேட்டர் பெடல் என்று பல கோளாறுகள் ஒரே சமயத்தில் வருகின்றன. இரண்டு சென்சார்களை மாற்றியும் பயனில்லை. கம்ப்யூட்டரே போய்விட்டது, புதிதாகப் போட்டால் சரியாகும், பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், வாங்கிய பிறகு திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று பட்டறையில் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: இன்னும் மாற்ற வேண்டாம். தாங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் ஒன்றுகூட ஈ.சி.எம். பழுது என்பதை உறுதி செய்யவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சென்சார்கள் ஒரே நொடியில் பழுதாவது மிக அரிது. அவை அனைத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்று விட்டுப் போகிறது என்று கொள்வதே பொருத்தம். அந்தப் பொதுவான ஒன்று ஈ.சி.எம்.மாகவும் இருக்கலாம்தான். ஆனால் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயர், அதன் எர்த், சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் இணைப்பு, மற்றப் பெட்டிகளோடு பேசும் கேன் இணைப்பு ஆகிய நான்கையும் சோதித்துத் தள்ளிய பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும். இந்த நான்கையும் ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரும் ஒரு பல்பும் வைத்துக்கொண்டு அரை நாளில் பார்த்துவிட முடியும். புதுப் பெட்டியின் விலை, சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போவது. எனவே அந்த அரை நாளைச் செலவழிக்காமல் பணத்தைக் கட்டச் சொல்லும் எவருடைய பேச்சையும் ஏற்க வேண்டிய கட்டாயம் தங்களுக்கு இல்லை.

முதலில் மின்சாரம். வயர்கள் வந்து பெட்டியோடு சேரும் செருகியான ஈ.சி.எம். கப்ளரில் பேட்டரியிலிருந்து நேரடியாக வரும் பாசிட்டிவ், சாவி போட்டதும் வரும் பாசிட்டிவ், எர்த் என்று மூன்று வகை இணைப்புகள் இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பின்கள் இருப்பதும் உண்டு. இங்கேதான் பலரும் மீட்டரை மட்டும் நம்பி ஏமாறுகிறார்கள். மீட்டர் தனக்கென்று இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு என்பதால், உள்ளே பல இழைகள் அறுந்து ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரிலும் அது 24 வோல்ட் முழுதாகக் காட்டும். ஆனால் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைத் திறக்க ஈ.சி.எம். உண்மையில் மின்சாரம் இழுக்கும்போது அந்த ஓர் இழையால் அதைத் தர முடியாது. வோல்டேஜ் சரியும், பெட்டி அணைந்துவிடும், வண்டி நடுவழியில் நிற்கும். ஆகவே கப்ளரைக் கழற்றி, அந்தந்த பாசிட்டிவ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 24 வோல்ட், 70 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, அப்போதும் வோல்டேஜ் பேட்டரி அளவை ஒட்டி நின்றால்தான் அந்த வயர் நல்ல வயர். மெல்லிய இணைப்பாக இருந்தால் பல்பு மங்கும் அல்லது எரியவே எரியாது. இதைச் செய்யும்போது கப்ளரின் பின் துளைக்குள் டெஸ்டர் முனையையோ ஊசியையோ திணிக்கக் கூடாது. துளை விரிந்துவிட்டால், இல்லாத லூஸ் காண்டாக்ட் ஒன்றை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். அந்தப் பின்னுக்குப் பொருந்தும் அளவான டெர்மினலையே பயன்படுத்த வேண்டும்.

எர்த்தைச் சோதிக்கும் முறை இன்னும் எளிது. கப்ளரை மாட்டிய நிலையில், ஈ.சி.எம்.மின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை வைத்து, சாவியைப் போட்டுப் பார்த்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது; செல்ஃப் அடிக்கும்போதும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் சேஸிஸில் எர்த் பிடித்திருக்கும் போல்ட்டின் அடியில் துரு, பெயின்ட், தளர்வு ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜையும் அப்படியே பார்த்துவிடுங்கள். 19-க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரிகளைக் கவனிக்க வேண்டும். ரிலேயும் ஃபியூஸும் இதே வரிசையில் வருகின்றன. தங்கள் வண்டி நின்று, சற்று ஆறிய பிறகு ஓடுவதால், ஈ.சி.எம்.முக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயின் கால்கள் செருகும் இடம் கருகியிருக்கிறதா என்று பார்ப்பது மிக அவசியம். சூட்டில் விரிந்து இணைப்பு விடுவதும், ஆறியதும் சேர்வதும் அங்கே சாதாரணமாக நடப்பவை.

மூன்றாவது, அந்த 5 வோல்ட். அழுத்தத்தையும் பெடல் நிலையையும் அளக்கும் சென்சார்களுக்கு ஈ.சி.எம். தானே 5 வோல்ட் கொடுத்து, அவை திருப்பித் தரும் அளவைப் படிக்கிறது. பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் இணைப்பைப் பங்கிட்டுக்கொள்வதால், அவற்றில் ஏதேனும் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலோ, அதன் வயர் இன்ஜின் பிளாக்கில் உரசித் தோல் போனாலோ மற்ற அனைத்தும் சேர்ந்து விழுந்துவிடும். ஸ்கேனரில் வரும் பட்டியலைப் பார்ப்பவருக்கு ஐந்து சென்சார்கள் போனதுபோலத் தோன்றும். அல்லது பெட்டியே போனதுபோலத் தோன்றும். தங்கள் கடிதத்தில் உள்ள பட்டியலைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். ஸ்கேனர் கனரக வாகனங்களுக்கான ஜே1939 முறையில் பழுது எண்களைக் காட்டுமானால், எந்தப் பகுதி என்பதைச் சொல்லும் எஸ்.பி.என். 3509 அல்லது 3510 என்ற எண், என்ன வகைப் பழுது என்பதைச் சொல்லும் எஃப்.எம்.ஐ. 4 என்பதோடு சேர்ந்து வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சென்சார்களுக்குப் போகும் மின்சாரம் தாழ்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். அப்படி இருந்தால், சாவியைப் போட்டு 5 வோல்ட் வயரில் மீட்டரை வைத்துக்கொண்டு, சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அந்தச் சென்சாரிலோ அதன் வயரிலோதான் குற்றம். எல்லாவற்றையும் கழற்றியும் வராவிட்டால், ஹார்னஸ் எனப்படும் வயர்க் கட்டில் அந்த வயர் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதுவும் சுத்தமாக இருந்தால் மட்டுமே சந்தேகம் ஈ.சி.எம்.மின் மேல் திரும்ப வேண்டும்.

நான்காவது, கேன் எனப்படும் இரட்டை முறுக்கு வயர். இன்ஜின், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., மீட்டர் போர்டு எல்லாம் இதன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரண்டு வயர்களுக்கும் நடுவே மின்தடையை அளந்தால் 60 ஓம்ஸ் அளவில் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் உள்ள 120 ஓம்ஸ் மின்தடைகள் சேர்ந்து தரும் அளவு அது. 120 காட்டினால் ஒரு முனை விட்டுப் போயிருக்கிறது. சுழியத்தை ஒட்டி இருந்தால் இரு வயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்கேனர் ஈ.சி.எம்.மோடு பேசவில்லை என்பதாலேயே பெட்டி செத்துவிட்டது என்று சொல்வது தவறு. வேறொரு பெட்டி பழுதாகி இந்த வயரை அமுக்கிப் பிடித்திருந்தாலும் எதுவும் பேசாது. தனியாக வாங்கிப் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி ஏதேனும் இந்த வயரில் தட்டி எடுக்கப்பட்டிருந்தால் முதலில் அதைப் பிரித்துவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, எஸ்.பி.என். 629, எஃப்.எம்.ஐ. 12 என்ற பெட்டியின் உட்பழுதுக் குறியீடு அழித்த பிறகும் திரும்பத் திரும்ப வருமானால், அல்லது ஓர் இன்ஜெக்டரும் அதன் வயரும் நன்றாக இருந்தும் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஈ.சி.எம். மின்சாரம் அனுப்பவில்லையானால், அப்போது மாற்றுங்கள். ஆனால் அது ஏன் போனது என்பதற்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சாதாரணமாக 27.5 முதல் 28.8 வோல்ட் வரை தரும். 30-ஐத் தாண்டினால் புதுப் பெட்டிக்கும் அதே கதிதான். இன்ஜெக்டர் காயில் ஷார்ட் ஆகிப் பழைய பெட்டியை எரித்திருந்தால், அது புதியதையும் எரிக்கும். இதே காரணத்தால்தான், அதே மாடல் லாரி ஒன்றிலிருந்து ஈ.சி.எம்.மைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. குற்றம் வயரிங்கில் இருந்தால், நன்றாக ஓடிய லாரியும் சேர்ந்து நிற்கும்.

கேள்வி: எங்கள் லாரிக்குப் புது ஈ.சி.எம். போட்டார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஐடிலிங்கில் நடுங்குகிறது, முன்பு இல்லாத கட்டை ஓசை வருகிறது, ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் ஜி.பி.எஸ். காட்டும் வேகமும் ஒத்துவரவில்லை. பெட்டி புதிது என்பதால் ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், சேலம்

பதில்: ஓடினால் தானாகச் சரியாகும் அளவுகள் சில உண்டு, தாங்கள் குறிப்பிட்ட மூன்றும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஈ.சி.எம். மாற்றம் என்பது நான்கு போல்ட்டும் இரண்டு கப்ளரும் கழற்றி மாட்டுகிற வேலை போலத் தெரிந்தாலும், அதில் உண்மையான வேலை பழைய பெட்டிக்குள் இருந்த விவரங்களைப் புதியதற்குக் கொண்டுவருவதுதான். கடையில் வரும் பெட்டி, இது எந்த வண்டி, எந்த இன்ஜின், எந்த டயர் என்று எதுவும் அறியாத வெறும் பெட்டி.

நடுக்கத்துக்கும் ஓசைக்கும் முதல் காரணமாக நான் சந்தேகிப்பது இன்ஜெக்டர் குறியீடுகளை. எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் பெறும் காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் தொழிற்சாலையில் தனித்தனியாகச் சோதிக்கப்பட்டு, அது தரும் டீசல் அளவில் உள்ள நுண்ணிய வேறுபாடு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடாக அதன் தலையில் பொறிக்கப்படுகிறது. எந்தச் சிலிண்டரில் எந்தக் குறியீடுள்ள இன்ஜெக்டர் இருக்கிறது என்பதை ஈ.சி.எம்.முக்குச் சொன்னால்தான், ஒவ்வொன்றையும் எத்தனை மைக்ரோ விநாடி திறக்க வேண்டும் என்பதை அது திருத்திக்கொள்ளும். 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் இந்தக் கணக்குச் சற்றுப் பிசகினாலும் ஒரு சிலிண்டருக்கு டீசல் கூடும், இன்னொன்றுக்குக் குறையும். நடுக்கமும் கட்டை ஓசையும் புகையும் அதன் விளைவுகள். குறியீடுகளை எழுதாமலே விட்டிருக்கலாம், அல்லது வரிசை மாற்றி எழுதியிருக்கலாம். சிலிண்டர் எண்ணை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பதிலேயே தவறு நேர்வதுண்டு. வால்வ் கவரைத் திறந்து, இன்ஜெக்டர்களின் தலையில் உள்ளவற்றையும் ஈ.சி.எம்.மில் எழுதப்பட்டிருப்பவற்றையும் தங்கள் கண்முன்னே ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் வயர்களைத் தொட வேண்டாம். இன்ஜெக்டரை நொடிப்பொழுதில் திறப்பதற்காக ஈ.சி.எம். அந்த வயர்களில் பேட்டரியைவிட மிக உயர்ந்த வோல்டேஜை அனுப்புகிறது.

வேகக் கணக்குத் தவறுவது டயர் அளவும் பின் ஆக்ஸில் விகிதமும் சரியாக எழுதப்படாததால். இதை அலட்சியம் செய்யக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 118-ஆம் விதி சரக்கு வாகனங்களுக்கு மணிக்கு 80 கிலோமீட்டரும், டேங்கர், டம்பர் போன்றவற்றுக்கு 60 கிலோமீட்டரும் என்று வேகக் கட்டுப்பாட்டை விதித்திருக்கிறது. இந்தக் கட்டுப்பாடு ஈ.சி.எம்.முக்குள்ளேயே அமைந்த வண்டிகளில், டயர் கணக்குப் பிசகினால் கட்டுப்பாடும் பிசகும், எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது அது தங்களுக்குத்தான் சிக்கலாக வந்து நிற்கும்.

இவை தவிர, பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. 17 எழுத்துகள் கொண்ட சேஸிஸ் அடையாள எண் புதுப் பெட்டியில் எழுதப்பட்டிருக்கிறதா, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியோடு அது இணைக்கப்பட்டிருக்கிறதா, ஆக்ஸிலேட்டர் பெடலின் கீழ்நிலையும் மேல்நிலையும் கற்றுக்கொடுக்கப்பட்டனவா, இன்ஜின் விசையை வேறு கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. இருந்தால் அதன் அளவுகள் வந்திருக்கின்றனவா என்பன அவை. பி.எஸ். 6 வண்டியில், புகை வடிகட்டியான டி.பி.எஃப்.-இல் எவ்வளவு கரியும் சாம்பலும் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு பல வண்டிகளில் இதே பெட்டியில்தான் இருக்கிறது. பழைய கணக்கைக் கொண்டுவராமல் சுழியத்திலிருந்து தொடங்கினால், பாதி அடைத்த வடிகட்டியைப் புதியது என்று ஈ.சி.எம். நம்பிக்கொண்டிருக்கும். பழைய கணக்குக் கிடைக்காத நிலையில், பட்டறையிலேயே ஒருமுறை, சேர்ந்த கரியை எரித்து அகற்றும் ரீஜெனரேஷன் செய்து, வடிகட்டியின் அழுத்த வேறுபாட்டையும் அளந்துவிடுவது நல்லது.

இன்னும் ஈ.சி.எம். மாற்றாத வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய பெட்டி ஸ்கேனரோடு பேசும் நிலையில் இருக்கும்போதே, கழற்றுவதற்கு முன்பு, அதிலுள்ள எல்லாவற்றையும் படித்துச் சேமித்து, தங்களுக்கும் ஒரு பிரதி வாங்கிவிடுங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி முற்றிலும் பேசாமல் போனபின், சேஸிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் சர்வரிலிருந்து மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இன்ஜெக்டர் மாற்றியது, டயர் அளவு மாற்றியது போல இடையில் நடந்தவற்றை அங்கே எதிர்பார்க்க முடியாது. மென்பொருள் ஏற்றும்போது பேட்டரியோடு நிலையான வோல்டேஜ் தரும் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்துங்கள். பாதியில் வோல்டேஜ் சரிந்து நின்றுபோனால், புதுப் பெட்டியே பயனற்றுப் போகும் அபாயம் உண்டு.

கேள்வி: பழைய லாரிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் அதே மாடல் ஈ.சி.எம். குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பழையதில் உள்ளதை அப்படியே நகலெடுத்து ஏற்றித் தருவதாகவும், அதோடு யூரியா தொந்தரவு இல்லாமல் எடுத்துவிடுவதாகவும் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: இதில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன, பிரித்துப் பார்ப்போம். பழைய பெட்டியில் உள்ளதை இன்னொரு பெட்டிக்கு நகலெடுப்பது தொழில்நுட்ப அளவில் இயலக்கூடியதே. ஹார்டுவேர் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், தங்கள் பெட்டியின் நினைவகம் படிக்கும் நிலையில் இருக்க வேண்டும், விற்பவர் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு முறையான ரசீது தர வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஈரமும் துருவும் உள்ளே இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும். ரசீது கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பெட்டியாக இருந்தால், அதன் சேஸிஸ் எண் உள்ளே பதிந்திருக்கும்.

யூரியா அமைப்பை நீக்கித் தருவதாகச் சொல்வதை மட்டும் எந்த விலைக்கும் ஏற்க வேண்டாம். டீசல் எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கேடில்லாத நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுவதற்காகத்தான், யூரியா கரைசலைப் புகையில் தெளிக்கும் அந்த அமைப்பு இருக்கிறது. அதை அணைத்துவிட்டால், அந்த நச்சுக் காற்றை முதலில் சுவாசிப்பவர்கள் நெடுஞ்சாலையோரத்தில் குடியிருப்பவர்களும் லாரிக்குள் உறங்கும் ஓட்டுநர்களும்தான். சட்டமும் தெளிவாக இருக்கிறது. காற்று மாசு அளவை மீறிய வண்டியை ஓட்டுபவருக்கும் ஓட்ட அனுமதிப்பவருக்கும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பின் மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உரிமமும் மூன்று மாதம் தகுதி இழக்கும். உரிமையாளர் செய்துவைத்த காரியத்துக்காக, மாதச் சம்பளத்தில் ஓட்டும் ஒருவர் தன் லைசென்ஸை இழக்க நேரும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

யூரியா தொந்தரவு என்று தாங்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் தரமற்ற திரவமும், உறைந்து உப்பாகப் படிந்த குழாயும், நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் நாக்ஸ் சென்சாரின் பழுதுமே காரணம். அவை மூன்றையும் ஈ.சி.எம்.மைத் தொடாமலே சரிசெய்யலாம்.

கேள்வி: ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் வெல்டிங் வேலை செய்கிறோம். சேஸிஸில் வெல்டிங் வைத்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒருவர் எங்களைக் குற்றம் சொல்கிறார். வெல்டிங்கால் கம்ப்யூட்டர் போகுமா?
– வெல்டிங் பட்டறை நடத்துபவர், திருச்செங்கோடு

பதில்: போகும். வெல்டிங் மின்னோட்டம் நூறு ஆம்பியருக்கும் மேலானது. அது வெல்டிங் எர்த் கிளாம்புக்குத் திரும்பிப் போகக் கிடைத்த வழியிலெல்லாம் போகும். கிளாம்ப் தொலைவில் இருந்தாலோ துருவின் மேல் பிடித்திருந்தாலோ, வண்டியின் எர்த் வயர்கள் வழியாக ஈ.சி.எம்.முக்குள்ளும் ஒரு பகுதி பாயும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது மட்டும் போதாது, ஏனெனில் ஈ.சி.எம். அப்போதும் எர்த் வழியாகச் சேஸிஸோடு சேர்ந்தே இருக்கிறது. ஈ.சி.எம்., ஏ.பி.எஸ்., யூரியா பெட்டி ஆகியவற்றின் கப்ளர்களையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றி வைத்துவிட்டு, வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சுரண்டிச் சுத்தம் செய்த இரும்பில் கிளாம்பைப் பிடிக்க வேண்டும். கழற்றிய கப்ளர்களைப் பாலித்தீன் பையால் மூடுங்கள். வெல்டிங் பொறியும் கிரைண்டர் தூளும் பின்களுக்குள் போகக் கூடாது. பாடி கட்டும் தொழிலில் பேர்பெற்ற நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் ஒவ்வொரு பட்டறையும் இதைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தங்களைக் குற்றம் சொல்லும் வண்டியைப் பொறுத்தவரை, முதல் கேள்விக்குச் சொன்ன சோதனைகளை இரு தரப்பும் சேர்ந்து நின்று செய்து பாருங்கள். வெல்டிங்குக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாத வண்டியில் போனது ஒரு ஃபியூஸாகவும் இருக்கலாம்.

கேள்வி: வண்டியை நிறுத்தியதும் உடனே பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைப்பது என் வழக்கம். இது ஈ.சி.எம்.முக்கு நல்லதுதானே?
– ஓட்டுநர், கரூர்

பதில்: பேட்டரியைக் காப்பாற்றும் எண்ணம் நல்லது; உடனே அணைப்பதுதான் கூடாது. சாவியை எடுத்த பிறகும் ஈ.சி.எம். சிறிது நேரம் விழித்திருந்து, அன்று ஓடியதில் கற்றுக்கொண்ட அளவுகளையும் பழுதுக் குறிப்புகளையும் நினைவகத்தில் எழுதுகிறது. பி.எஸ். 6 வண்டியில் யூரியா குழாயில் மீந்திருப்பதைத் தொட்டிக்குத் திருப்பி உறிஞ்சும் வேலையும் அப்போதுதான் நடக்கிறது. அது நடுவில் நின்றால் குழாயிலேயே யூரியா உப்பாகிப் படியும். கையேட்டில் குறிப்பிட்ட நேரம் வரை, பம்பின் ஓசை நிற்கும் வரை, காத்திருந்து அணையுங்கள். இன்ஜின் ஓடும்போது கட்-ஆஃப் சுவிட்சை ஒருபோதும் தொடாதீர்கள். பேட்டரி விடுபட்ட நொடியில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறி, ஈ.சி.எம்.மையும் மற்றப் பெட்டிகளையும் எரித்துவிடக்கூடும்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் லாரியின் இன்ஜின் பாதி அளவு நீரில் நின்றது. காயவைத்து ஓட்டினோம், சில மாதங்கள் நன்றாக ஓடியது. பிறகு ஒவ்வொரு கோளாறாக வந்து, கடைசியில் ஈ.சி.எம். மாற்ற வேண்டியதாயிற்று. இனி மழைக்காலத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில் தங்களைப் போலப் பலர் பாதிக்கப்பட்டார்கள். வண்டி உடனே நிற்காமல் மாதங்கள் கழித்து நின்றதற்குக் காரணம் இருக்கிறது. ஈ.சி.எம். பெட்டி மூடி முத்திரையிடப்பட்டதுதான். ஆனால் உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து சுருங்குவதற்காக நுண்ணிய சவ்வு மூடிய ஒரு மூச்சுத் துளை உண்டு. சூடான பெட்டி திடீரெனக் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்காற்று சுருங்கி, கப்ளரின் ரப்பரில் ஏதேனும் இடைவெளி இருந்தால் அதன் வழியே நீரை இழுக்கும். அதைவிட அதிகமாக நடப்பது, ஹார்னஸில் எங்கோ தோல் போன இடத்தில் புகுந்த நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, வயரின் செம்பு இழைகளுக்குள் ஊர்ந்து கப்ளரை வந்து அடைவது. பின் பச்சை பூத்து, பிறகு அரித்து, ஒருநாள் விட்டுப் போகும். உப்பளங்களும் கடலும் சூழ்ந்த தங்கள் ஊரில் வெள்ள நீரில் உப்பும் சேர்ந்திருப்பதால் அரிப்பு இன்னும் விரைவாக நடந்திருக்கும்.

நீர் ஏறும் அறிகுறி தெரிந்தால் வண்டியை மேட்டில் நிறுத்தி, கட்-ஆஃபை அணைத்துவிடுங்கள். நீரில் நின்ற வண்டியில் சாவியைப் போட்டுக்கூடப் பார்க்க வேண்டாம். மின்சாரம் இல்லாத ஈரப் பெட்டி பிழைக்க வாய்ப்புண்டு. மின்சாரத்தோடு ஈரம் சேர்ந்தால் அரிப்பு மணிக்கணக்கில் வேலையை முடித்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈ.சி.எம்.மின் கப்ளர்களைப் பிரித்து, சேற்று நீர் புகுந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, மிதமான காற்றில் உலர்த்தி, காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பின்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பச்சை பூத்த பின் எதுவாக இருந்தாலும், அதைச் சுரண்டிவிட்டு மாட்டாமல் வயரோடு மாற்ற வேண்டும். சாதாரண நாட்களிலும் சூடான இன்ஜினின் மேல் ஈ.சி.எம். இருக்கும் பக்கம் பிரஷர் வாஷ் அடிக்க விடாதீர்கள்.

செல்ஃப் அடிப்பதற்கு முன் ஏர் ஃபில்டரிலும் சிலிண்டர்களிலும் நீர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நீரில் நின்ற வண்டியை அப்படியே ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் பல சமயம் ஏற்க மறுக்கின்றன. ஆகவே நீர் எந்த அளவு ஏறியிருந்தது என்பது தெரியும்படி வண்டியைப் படம் எடுத்து, நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, சர்வேயர் வந்து பார்த்த பிறகே ஈ.சி.எம்.மைக் கழற்றி, லாரியை இழுவை வண்டியில் பட்டறைக்கு அனுப்புங்கள். பெட்டி மாற்றப்பட்டால் பழைய பெட்டியையும் எண் ஒட்டிய நிலையிலேயே கேட்டு வாங்கி, கோரிக்கை முடியும் வரை வைத்திருங்கள்.